வல்லத்துல நின்ன காலு பாத்ரூம்ல தடுமாறுது – வீட்டுலயே செய்யுற பயிற்சி ஏதாச்சும் சொல்லுங்க

பாம்பன்_வல்லக்காரர்:

பேரன் தட்டுறான், நான் சொல்றேன். பிழை இருந்தா அவன் கணக்குல வச்சுக்கங்க.

எனக்கு வயசு 67. பாம்பன் தெற்குவாடி. மீசை முளைக்கும் முன்ன கரைவலை இழுக்கப் போனேன், அப்புறம் அண்ணனோட மீன்பிடி வல்லம், அப்புறம் சொந்த வல்லம். கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்துல ஆண்கடலுக்கு, அதான் தெக்கால இருக்குற மன்னார் வளைகுடாவுக்குப் போயி, வல்லத்தோட முன்பக்கம் அணியத்துல நின்னு வலை இழுத்தவன். பக்கத்துல பிடிக்க ஒன்னும் இருக்காது. பிடிக்கணும்னு தோணுனதும் இல்ல.

இப்ப வல்லம் மகன் கையில. போன வருசம் வலது கண்ணுல புரை எடுத்தாங்க. அதைச் சாக்கா வச்சு "இனிமே கரையில இருங்க"ன்னு வீட்டுல எல்லாரும் ஒன்னு சேந்துட்டாக. வெள்ளன எந்திரிச்சு கொட்டகைக்குப் போனா பொழுது சாயுற வரைக்கும் உக்காந்தபடியே கிழிஞ்ச வலைய முடையுறதுதான் வேலை. சக்கரை ரொம்ப வருசமா இருக்கு. பிரசருக்கும் மாத்திரை போடுறேன்.

சங்கதி என்னன்னா, தலை சுத்தல, மயக்கம் இல்ல, ஆனா நிக்கிற எடத்துல ஒடம்பு தானா ஒரு பக்கமாப் போகுது. கைலி மாத்த ஒரு காலைத் தூக்குனா சுவத்தைத் தேடுறேன். ரோட்டுல யாராச்சும் பின்னால இருந்து கூப்பிட்டு சட்டுனு திரும்புனா, காலு ரெண்டு எட்டு வெலகிப் போயித்தான் நிக்குது. கோயில்ல முழந்தாள் போட்டா முன் பெஞ்சைப் பிடிக்காம எந்திரிக்க முடியல. ராத்திரி பாத்ரூம்ல மூஞ்சி கழுவும்போது தண்ணித் தொட்டி மேலயே சாஞ்சுட்டேன். விழல. ஆனா வீட்டுக்காரி சத்தம் கேட்டு ஓடி வந்துட்டா. அன்னையில இருந்து நான் பாத்ரூம் போனா வெளிய நின்னு இருமிக்கிட்டே இருக்கா.

டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுனேன். "வயசாச்சுல்ல பெரியவரே, பாத்து நடங்க"ன்னு சொல்லி சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு. பாத்து நடக்கத் தெரியாமலா இம்புட்டு நாள் கடல்ல இருந்தேன்? மகன் சொல்றான், உக்காந்தே இருங்கப்பான்னு. உக்காந்து உக்காந்துதான் இப்புடி ஆச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

வீட்டுக்குள்ளயே, காசு செலவில்லாம, நாலு பேரு பாக்காம செய்யுற மாதிரி பயிற்சி இருந்தா சொல்லுங்க. எத்தனை தடவை, எம்புட்டு நேரம்னு வெவரமா வேணும். இன்னொன்னு, மறுபடி வல்லத்துல ஏற முடியுமா? நெசமா கேக்க வந்தது அதைத்தான். வீட்டுக்காரி பக்கத்துல இருக்கறதால கடைசியில சொல்றேன்.


இயன்முறை_ராமநாடு:

ஐயா வணக்கம். ராமநாதபுரத்துல இயன்முறை சிகிச்சை பாக்குறேன். உங்க சந்தேகம் சரியான சந்தேகம். பயிற்சி சொல்றதுக்கு முன்ன சிலது தெரியணும்.

மூஞ்சி கழுவும்போது கண்ணை மூடின அந்த நேரத்துலதான் தள்ளுச்சா? இருட்டுல நடந்தா அதிகமாகுதா? வெறுங்கால்ல தரையில நிக்கும்போது பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கா? படுக்கையில புரளும்போது வீடே சுத்துற மாதிரி சில விநாடி வந்து போகுதா? படுத்து எந்திரிச்ச உடனே கண்ணு இருட்டுதா? என்னென்ன மாத்திரை, தூக்க மாத்திரை ஏதும் உண்டா? இடது கண்ணுல புரை இருக்கா?

பேரன்கிட்ட ரெண்டு வேலை குடுங்க. நீங்க கண்ணை மூடிப் படுத்துக்கங்க. அவன் உங்க பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிய ஒவ்வொன்னா மெதுவா, ஒரு விநாடி, விரலால தொடணும். அழுத்தக் கூடாது, வருடவும் கூடாது. ரெண்டு காலுலயும் சேத்து ஆறு எடம். தொட்டது தெரிஞ்சா எந்தக் காலுன்னு நீங்க சொல்லணும். ஆறுல ரெண்டு எடம் தெரியாமப் போனாலே பாதத்துல உணர்ச்சி கொறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம்.

அடுத்தது, நாற்காலியில இருந்து 3 மீட்டர் அளந்து தரையில ஒரு கோடு. "ம்"னு சொன்னதும் எந்திரிச்சு, வழக்கமா நடக்குற வேகத்துலயே கோடு வரைக்கும் போயி, திரும்பி வந்து உக்காரணும். போன்ல நேரம் பாக்கட்டும். 12 விநாடி இல்ல அதுக்கு மேல ஆனா விழுற வாய்ப்பு கூடுதல்னு கணக்கு.

ஒன்னு மட்டும் இப்பவே சொல்லிடுறேன், இதைப் படிக்கிற எல்லாருக்கும். திடீர்னு தடுமாற்றம் வந்து கூடவே வாய் கோணுறது, பேச்சு கொளறுறது, ஒரு கை காலு வெளங்காமப் போறது இருந்தா அது பக்கவாதம். பயிற்சி, கஷாயம், நாளைக்குப் பாப்போம் எதுவும் கூடாது. 108. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும்னா நாலரை மணி நேரத்துக்குள்ள போயிருக்கணும்.


பாம்பன்_வல்லக்காரர்:

தாயி, நேர்ல பாத்த மாதிரி கேக்குற. கண்ணை மூடி சோப்பு போடும்போதுதான் அது நடக்குது. இருட்டுல ஜாஸ்தி. படுக்கையில புரண்டா ஒன்னும் இல்ல. வெள்ளன எந்திரிச்ச உடனே ஒரு நிமிசம் தள்ளும், அப்புறம் சரியாயிரும். தூக்க மாத்திரை கெடையாது. இடது கண்ணுல புரை இருக்கு, இன்னும் எடுக்கல.

பேரன் தொட்டுப் பாத்தான். இடது காலு சுண்டுவிரலும் நடுவிரலும் தெரியல. வலது காலுல சுண்டுவிரல் தெரியல. அவன் ஏமாத்துறான்னு நெனச்சு வீட்டுக்காரியத் தொடச் சொன்னேன், அப்பவும் அதேதான். இப்பத்தான் ஞாபகம் வருது, கொட்டகையில சிப்பி குத்தி ரத்தம் வந்ததே தெரியாம நடந்திருக்கேன். தரையில கறை பாத்து மகன்தான் சொன்னான்.

நடந்து உக்காந்தது 14 விநாடி. மாத்திரைச் சீட்டை வாசிக்கச் சொன்னேன். சக்கரைக்கு மெட்ஃபார்மின், பிரசருக்கு ஒன்னு, அப்புறம் அந்தச் சத்து மாத்திரை.


இயன்முறை_ராமநாடு:

நல்லா கவனிச்சுச் சொல்லியிருக்கீங்க ஐயா.

நம்மள நிமுத்தி வைக்கிறதுக்கு மூளைக்கு மூனு எடத்துல இருந்து சேதி போகுது. கண்ணு, உள்காது, அப்புறம் பாதமும் கணுக்கால் மூட்டும். வல்லத்துல நீங்க காலை அகட்டி, முட்டியைத் தளர்த்தி, கண்ணு தூரத்துல வச்சு நின்னீங்க. ஒவ்வொரு அலைக்கும் கணுக்கால் பதில் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பாத்ரூம்ல காலை ஒட்டி வச்சு, குனிஞ்சு, கண்ணையும் மூடுறீங்க. கண்ணு போச்சு. பாதம் சக்கரையால பாதி மரத்துப் போச்சு. மிச்சம் காது ஒன்னுதான். அதனாலதான் சாயுது. பயிற்சியோட சக்கரையும் கட்டுக்குள்ள வரணும், இல்லன்னா நாம எறைக்கிற தண்ணிக்கு மேல ஓட்டையில ஏறும்.

பயிற்சி இன்னைக்கே தொடங்கலாம். ஆனா டாக்டரை மாத்தியாவது மூனு விசயம் கேட்டு வாங்குங்க. ஒன்னு, ரத்தத்துல பி12 அளவு. மெட்ஃபார்மின் ரொம்ப வருசம் எடுக்குறவங்களுக்கு பி12 கொறையலாம். அது கொறைஞ்சாலும் பாதம் மரக்கும், தள்ளாட்டம் வரும். மீன் தினமும் சாப்பிட்டாலும் கொறையலாம், ஏன்னா உணவுல இருக்குறதை ஒடம்பு உறிஞ்சுறதுலதான் கோளாறு. ரெண்டு, படுத்தபடி ஒரு தடவை, எந்திரிச்சு நின்னு 3 நிமிசத்துக்குள்ள ஒரு தடவை பிரசர் பாக்கச் சொல்லுங்க. மேல் அளவு 20 இல்ல கீழ் அளவு 10 எறங்குனா மாத்திரை அளவையோ நேரத்தையோ அவர் மாத்துவார். நீங்களா நிறுத்தாதீங்க. மூனு, இடது கண்ணு. ஒரு கண்ணுல தெளிவு, இன்னொன்னுல மங்கல்னா படியோட ஆழம் தப்பாத் தெரியும். தள்ளிப் போடாதீங்க.

இப்ப பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ்ல வழுக்கும். மர நாற்காலியோ திண்ணையோ இருந்தா நல்லது, நாற்காலின்னா முதுகுப் பக்கம் சுவத்துல முட்டி இருக்கணும். பிடிக்க ஜன்னல் கம்பியோ சமையல் மேடையோ வேணும். கதவு கூடாது, அது ஆடும். தரை காஞ்சிருக்கணும். கைலியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கங்க. ஆரம்பத்துல வீட்டுல யாராச்சும் கூட இருக்கட்டும். அம்மா இருமிக்கிட்டு வெளிய நிக்கிறதுக்குப் பதிலா உள்ள நிக்கலாம்.

முதல்ல உக்காந்து எந்திரிக்கிறது. பெரிசா ஒன்னும் இல்லன்னு தோணும், ஆனா எல்லாத்துலயும் இதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன். முழந்தாள்ல இருந்து எந்திரிக்க முடியாததுக்கும் மருந்து இதுதான், தொடை வலு. நாற்காலி நுனிக்கு வந்து, பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால சாஞ்சு எந்திரிங்க. உக்காரும்போது பொத்துன்னு விழாம மெதுவா எறங்கணும், பாதி வேலை எறங்குறதுலதான் இருக்கு. கையை ஊன்றித்தான் முடியும்னா ஊன்றிக்கங்க. அஞ்சு தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி அஞ்சு. சுலபமாயிட்டா பத்தாக்கி, கையை மார்புல கட்டிக்கிட்டுச் செய்யுங்க.

அடுத்து ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி விரல் நுனியில நிக்கிறது, பத்து தடவை. அப்புறம் விரலைத் தூக்கி குதிகால்ல நிக்கிறது, பத்து தடவை. ரெண்டாவது கஷ்டமா இருக்கும். முன்கால் தசை சோர்ந்தாதான் நடக்கும்போது விரல் நுனி தட்டும், வாசப்படியில இடறுறது பெரும்பாலும் அதால. காலை முட்டி மடக்காம பக்கவாட்டுல தூக்கி எறக்குறதும் பத்து, ரெண்டு காலுக்கும். ஒரு கால்ல நிக்கும்போது இடுப்பைத் தாங்குறது அந்தத் தசை.

நிக்கிற பயிற்சி நாலு படி. காலை ஒட்டி வச்சு 10 விநாடி. அது முடிஞ்சா ஒரு பாதத்தைப் பாதி முன்னால தள்ளி 10 விநாடி. அதுவும் முடிஞ்சா ஒரு குதிகால் இன்னொரு காலோட விரலைத் தொடுற மாதிரி நேர்கோட்டுல. கடைசியா ஒத்தைக் கால். எந்தப் படியில ஒடம்பு லேசா ஆடி, ஆனா விழாம நிக்கிறீங்களோ அதுதான் இப்போதைக்கு உங்க படி. ஆட்டமே இல்லன்னா அதுல நேரம் வீணாக்காதீங்க, அடுத்த படிக்குப் போங்க. பிடியை ரெண்டு கை, ஒரு கை, ரெண்டு விரல்னு கொறைங்க. கடைசியில கை கம்பிக்கு ஒரு சாண் தூரத்துல சும்மா காத்திருக்கணும்.

அப்புறம் எட்டு எடுத்து வைக்கிறது. இதைப் பல பேரு விட்டுடுறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. சின்ன ஆட்டத்தைக் கணுக்கால் சமாளிக்கும். கொஞ்சம் பெருசுன்னா இடுப்பு. அதுக்கும் மேல போனா ஒரே வழிதான், காலை வேகமா எடுத்து வச்சுத் தாங்கணும். வயசானா இந்த எட்டுதான் தாமதமாகுது. அதனால மேடையைப் பிடிச்சுக்கிட்டு முன்னால ஒரு எட்டு, திரும்ப நடுவுக்கு, பக்கத்துல ஒரு எட்டு, திரும்ப, பின்னால ஒரு எட்டு, திரும்ப. ரெண்டு காலுக்கும். நாள் போகப் போக வேகத்தைக் கூட்டுங்க, எட்டோட நீளத்தையும் கூட்டுங்க. பழகினப்புறம் மேடை ஓரமாவே பக்கவாட்டுல பத்து எட்டு, பின்னால நடக்குறது பத்து எட்டு. ரோட்டுல திரும்பும்போது தடுமாறுறதுக்கு, ரெண்டு செம்பைத் தரையில வச்சு அதைச் சுத்தி 8 போட்ட மாதிரி நடங்க. கண்ணை மூடுறது எதுவும் வேண்டாம்.

வலுப் பயிற்சி வாரத்துல மூனு நாள், நடுவுல ஒரு நாள் விட்டு. நிக்கிறதையும் எட்டு வைக்கிறதையும் தினமும் செய்யலாம். மொத்தமே அரை மணி நேரம்தான், ரெண்டாப் பிரிச்சும் செய்யலாம். 65 வயசுக்கு மேற்பட்டவங்க வாரத்துல மூனு நாளாவது சமநிலையும் வலுவும் சேந்த பயிற்சி செய்யணும்னு 2020-ல உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கு. மேல சொன்னதுல பல பயிற்சி நியூசிலாந்துல ஒட்டாகோ பல்கலைக்கழகத்துல தொகுத்தது. அதோட முதல் ஆய்வு 1997-ல வந்துச்சு, 80 வயசு தாண்டின பாட்டிமாரை வச்சு, அவங்கவங்க வீட்டுலயே செஞ்சது. அந்தப் பாட்டிமார் விழுறது கொறைஞ்சது. உங்களுக்கு 67 தான் ஐயா.

வெளிய போக மனசில்லன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சக்கரை, பிரசர் மாத்திரை மட்டும் இல்ல, வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை குடுக்குறதும் உண்டு.


உச்சிப்புளி_பி.டி.வாத்தியார்:

அண்ணே, வணக்கம். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சகோதரி சொன்னவை நல்லவையே. ஆனால் நம்மிடம் கடற்கரை இருக்கும்போது சமையல் மேடையை ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? அரியமானுக்கு வாருங்கள். மணலில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் ஒவ்வொரு தசையும் வேலை செய்யும். நான் தினமும் காலையில் அங்கே பின்னோக்கி நடக்கிறேன். நாய்கள் குழம்பிப் போகின்றன.

அடுத்து விருட்சாசனம். ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, கையைத் தலைக்கு மேல் குவிக்க வேண்டும். 2022-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையிலானவர்களை 10 விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். நிற்க முடியாதவர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் இறந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததாம். அதனால் அதை இன்றே பழகுங்கள் அண்ணே.


இயன்முறை_ராமநாடு:

வாத்தியாரய்யா, உங்க மேல மரியாதை உண்டு, ஆனா இதுல ஒத்துப்போக முடியல. அந்த ஆய்வு சொல்றது ஒரு சோதனையைப் பத்தி. நிக்க முடியாதவங்கள்ல சக்கரை உள்ளவங்க அதிகம், உடல்நிலை மோசமானவங்களும் அதிகம். ஒத்தைக் கால்ல நின்னு பழகினா ஆயுசு கூடும்னு அது நிரூபிக்கல. அவரை பயமுறுத்திப் பயிற்சி செய்ய வைக்க வேண்டாம்.

வெறுங்கால் மணல் உங்களுக்கு நல்லது, அவருக்கு இல்ல. சிப்பி குத்தினதே தெரியாத காலு. பத்து மணிக்கு மேல நம்ம ஊர் மணல் சுடுறதும் தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் பாப்பாரு. சக்கரைக்காரங்க காலுல புண்ணு வந்தா என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஐயா, மணல்ல நடக்க ஆசைன்னா வெள்ளன போங்க, பின்னால வார் இருக்குற செருப்பு போட்டுக்கிட்டு, அலை வந்து போற ஈரக் கெட்டி மணல்ல மட்டும். கரை ஒரு பக்கம் சரிவா இருக்கும், அதனால போன தூரம் திரும்பியும் வரணும், அப்பத்தான் ரெண்டு இடுப்புக்கும் சமமா வேலை. பின்னால நடக்குறது வீட்டுல மேடையோரம் மட்டும். நாய்களைக் குழப்புறது வாத்தியாரோட இருக்கட்டும்.

விருட்சாசனம் செய்யலாம், சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி, கண்ணைத் தொறந்து, பாதத்தை அடுத்த காலோட கெண்டையில வச்சு. முட்டி மேல வச்சு அழுத்தக் கூடாது.


கீழக்கரை_மருமகள்:

நான் மருத்துவம் படிச்சவ இல்ல. எங்க மாமியாருக்கு இதே மாதிரி இருந்ததால எழுதுறேன். நாங்க உம்மான்னுதான் கூப்பிடுவோம்.

உம்மாவுக்கு 71. பஜ்ருக்கு, அதாவது விடியக்காலைத் தொழுகைக்கு எழும்புவாங்க, வீடே இருட்டு, மத்தவங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு லைட் போட மாட்டாங்க. பாத்ரூம்ல போய் ஒளு செய்யும்போது, அதாவது தொழுகைக்கு முன்ன கை கால் கழுவும்போது, குழாய்க்கு நேரா ஒரு காலைத் தூக்கிக் கழுவுவாங்க. ஈரத் தரை, இருட்டு, ஒத்தைக் கால். யோசிச்சுப் பாத்தா அது இவ்வளவு நாள் சும்மா இருந்ததே பெரிசு. நீங்களும் கடற்கரையில இருந்து வந்து மண்ணு போகக் காலைத் தூக்கித்தானே கழுவுவீங்க?

இப்ப குழாய் பக்கத்துல சிமெண்டுல ஒரு சின்னத் திண்டு கட்டியாச்சு, முட்டி உயரம். உக்காந்து கழுவுறாங்க. படுக்கையில இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி எரியுற சின்ன பல்பு ரெண்டு. கால்மிதியில பழைய சேலை போட்டு வச்சிருந்தோம், அதை எடுத்து வீசியாச்சு. எழும்பின உடனே நடக்காம, கட்டில் ஓரத்துல உக்காந்து ஸலவாத்துன்னு ஒரு சின்ன துஆ ஓதி முடிச்சப்புறம்தான் தரையில கால் ஊன்றணும்னு அவங்களுக்கே ஒரு கணக்கு வச்சுக்கிட்டாங்க. காலையில தள்ளுதுன்னு சொன்னீங்களே, நீங்களும் ஒரு ஜெபம் சொல்லி முடிச்சு எழும்பலாம்.

தொழுகையில சஜ்தாவுல, அதாவது நெத்தியைத் தரையில வைக்கிறதுல இருந்து கையை ஊன்றி எழும்பவே சிரமமா இருந்துச்சு. நாற்காலியில உக்காந்து தொழச் சொன்னா முதல்ல அழுதுட்டாங்க. இப்ப நின்னு ஓதுறதை நின்னே ஓதுறாங்க, சஜ்தாவுக்கு மட்டும் நாற்காலி. ஒவ்வொரு தடவையும் நாற்காலியில இருந்து கை ஊன்றாம எழும்பணும்னு பயிற்சிக்கு வந்த பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. அஞ்சு வேளையும் சேத்தா நல்ல கணக்கு வருது, தனியாப் பயிற்சின்னு சொன்னா உம்மா செஞ்சிருக்கவே மாட்டாங்க. கோயில் பெஞ்சுல நீங்களும் அதைச் செய்யலாம்னு தோணுது.

தண்ணி தள்ளுவண்டி பத்தி ஒரு வார்த்தை. குடம் ஏத்தின வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா ஸ்டெடியா இருக்குன்னு உம்மா அதையே கைத்தடியா வச்சுக்கிட்டாங்க. பள்ளத்துல வண்டி ஓடுச்சுன்னா ஆளையும் இழுத்துட்டுப் போயிரும். யாரும் செய்யாதீங்க.


பாம்பன்_வல்லக்காரர்:

எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழிச்சு எழுதுறேன், செஞ்சு பாத்துட்டுத்தான் பேசணும்னு இருந்தேன்.

வேற டாக்டர்கிட்ட போனேன். பி12 கொறவுதான், ஊசி போடுறாங்க. எந்திரிச்சு நின்னா பிரசர் எறங்குது, அதனால மாத்திரையை ராத்திரிக்கு மாத்தியிருக்காரு. கண்ணுக்கு நாள் குடுத்திருக்காங்க. கீழக்கரைத் தாயி, திண்டு கட்டியாச்சு. ஜெபம் சொல்லித்தான் எந்திரிக்கிறேன், அருள் நிறைந்த மரியே ஒரு தடவை. வீட்டுக்காரிக்கு ரொம்ப சந்தோசம், நான் பக்திமானாயிட்டேன்னு.

உக்காந்து எந்திரிக்கிறது இப்ப கை ஊன்றாம வருது. குதிகால்ல நிக்கிறது முதல்ல சுத்தமா வரல, இப்ப வருது. நேர்கோட்டுல காலை வச்சு நிக்கிறது 10 விநாடி எட்டிருச்சு. ஒத்தைக் கால்தான் வலதுல நிக்குது, இடதுல நாலு எண்ணுறதுக்குள்ள கம்பிக்குக் கை போயிருது. கொட்டகையில நானும் ரெண்டு சோட்டாளும் ஒவ்வொரு வலை முடிச்சப்புறமும் எந்திரிச்சுக் குதிகாலைத் தூக்குறோம். யாரும் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல, இப்ப தெருவே பாக்குது, அது வேற கதை.

தாயி, என்னோட கடைசிக் கேள்விக்கு நீ பதிலே சொல்லல. வீட்டுக்காரி மீன் வாங்கப் போயிருக்கா, சட்டுனு சொல்லு.


இயன்முறை_ராமநாடு:

மறக்கல ஐயா, அளவு தெரியாம சொல்ல வேண்டாம்னு இருந்தேன்.

வல்லத்துல நிக்கிறதை விட ஏறுறதும் எறங்குறதும்தான் உங்களுக்கு ஆபத்து. இடுப்பளவு தண்ணியில, கண்ணுக்குத் தெரியாத தரையில ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை விளிம்புக்கு மேல தூக்கிப் போடணும். அலையும் அந்த நேரம் பாத்துத்தான் வரும். உங்க இடது காலு நாலு எண்ணுறதுக்குள்ள கம்பியத் தேடுது. வலது காலைத் தூக்குனா ஊன்றுறது அந்த இடது காலுதான்.

அதனால என் கணக்கு இது. இடது கண்ணு முடிஞ்சு டாக்டர் தண்ணியில எறங்கலாம்னு சொல்லணும். ரெண்டு கால்லயும் பிடிக்காம 10 விநாடி நிக்கணும். அந்த 3 மீட்டர் நடை 12 விநாடிக்குக் கீழ வரணும். நின்னா பிரசர் எறங்குறது நிக்கணும். இதெல்லாம் ஆச்சுன்னா, வாடைக் காத்து தொடங்குறதுக்கு முன்ன, பெண்கடல் பக்கம், அதான் வடக்கால பாக் நீரிணைப் பக்கம், தண்ணி அலையில்லாமக் கெடக்குற நாளாப் பாத்து, மகனோட, உயிர்காப்புச் சட்டை போட்டு, கட்டுன வல்லத்துல படகுத்துறையில இருந்து ஏறுங்க. முதல்ல உக்காந்தே போயிட்டு வாங்க. வலை இழுக்குறது அப்புறம். காலுல ரப்பர் செருப்பு கட்டாயம். சக்கரை மாத்திரை போட்டுட்டு சாப்பிடாமக் கடலுக்குப் போகக் கூடாது, சக்கரை எறங்குனாலும் கைகாலு நடுங்கித் தள்ளாடும். சட்டைப் பையில குளுக்கோஸோ சக்கரையோ இருக்கட்டும், நனையாம பிளாஸ்டிக்ல சுத்தி.

பாதத்துல போன உணர்ச்சி முழுசாத் திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். பி12 சரியானா கொஞ்சம் வரலாம், சக்கரையால போனது பெரும்பாலும் வராது. மிச்சத்தைக் கண்ணும் தசையும் ஏத்துக்கிற மாதிரிதான் பழக்குறோம். அதனால ராத்திரி மீன்பிடி வேண்டாம். இதுல பேரம் இல்ல. அம்மா திரும்பி வந்ததும் இதையும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க பேரனை.

பாத்ரூம்ல பிடிக்கக் கம்பி போட்டாச்சா?


மண்டபம்_வெல்டர்:

கம்பின்னதும் வந்தேன். மண்டபத்துல பட்டறை வச்சிருக்கேன். பெரியவரே, இரும்புக் குழாய்க்கு பெயிண்ட் அடிச்சு மாட்டாதீங்க. நம்ம காத்துக்கும் உப்புத்தண்ணிக்கும் உள்ளுக்குள்ள தின்னுட்டு வெளிய பளபளன்னு இருக்கும், சாயுற அன்னைக்குப் பிடுங்கிட்டு வந்துரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 304 கிரேடுதான் கடையில குடுப்பாங்க. கடலோரத்துக்கு 316 கேட்டு வாங்குங்க, அதுல மாலிப்டினம் இருக்கு, உப்பைக் கூடுதலாத் தாங்கும். வெல கூடத்தான். ஸ்க்ரூவும் அதே கிரேடு. டைல்ஸ்ல அமுக்குனா ஒட்டிக்கிற ரப்பர் கப் வச்ச கைப்பிடி ஆன்லைன்ல வருது, அது துண்டு மாட்ட ஆகும், ஆளைத் தாங்காது.

குழாய் ஒன்னேகால்ல இருந்து ஒன்றரை இஞ்சு கனம், அப்பத்தான் கை முழுசாச் சுத்திப் பிடிக்கும். தரையில இருந்து 33 முதல் 36 இஞ்சு உயரம். சுவத்துக்கும் குழாய்க்கும் நடுவுல ஒன்றரை இஞ்சு எடைவெளி, கூடினா கை முழங்கை வரைக்கும் உள்ள மாட்டிக்கும். சுவரு செங்கலா ஹாலோ பிளாக்கா?


பாம்பன்_வல்லக்காரர்:

ஹாலோ பிளாக் தம்பி. ரெண்டு போடணும், ஒன்னு குழாய் பக்கம், ஒன்னு உள்ள நுழையிற எடத்துல.


மண்டபம்_வெல்டர்:

அப்ப சாதா பிளக் நிக்காது, உள்ள வெறும் பொந்து. சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் பிளேட் வச்சு போல்ட் போட்டு முறுக்கணும். இல்லன்னா அந்தப் பொந்தைச் சிமெண்ட் கலவையால நிரப்பி, ஒரு வாரம் தண்ணி விட்டு ஊற வச்சு அப்புறம் ஓட்டை போடணும். பிளேட்டுதான் நல்லது. அந்தப் பக்கம் என்ன இருக்கு, வெளியா, அடுப்படியா? டைல்ஸ்ல டிரில் போடுற ஆளுகிட்ட ஹேமர் மோடுல வைக்காதேன்னு முன்னாடியே சொல்லிருங்க. டைல்ஸைத் தாண்டுற வரைக்கும் சாதா சுத்துதான், இல்லன்னா வெடிச்சுரும்.